பார்வையாளரைக் காட்சிக்குள் மூழ்கடிக்கும் மின்னிலக்கக் கலைக் கண்காட்சிகளில் பிள்ளைகள் உண்மையிலேயே அறிவியல் கற்கிறார்களா?

பத்து வயது மகனுடன் சிங்கப்பூருக்கு வரவிருக்கும் ஒருவர், மரினா பே பகுதியில் உள்ள கலை அறிவியல் அரும்பொருளகத்தின் ‘ஃபியூச்சர் வேர்ல்டு’ கண்காட்சியில் அறிவியல் என்று சொல்லத்தக்கது ஏதேனும் இருக்கிறதா, இல்லை படம் எடுத்துக்கொள்ள மட்டும்தான் எல்லாரும் போகிறார்களா என்று கேட்டிருக்கிறார். நான் இங்கே உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கு இயற்பியல் கற்பிக்கிறவன். அக்கா மகளுடன் இரண்டு முறையும் தனியாக ஒரு முறையும் அங்கே போயிருக்கிறேன். காட்சி எதைப் பற்றியது என்பதில் அறிவியலைத் தேடினால் கொஞ்சம் கிடைக்கும். அது எப்படி இயங்குகிறது என்பதில் தேடினால் நிறையக் கிடைக்கும் என்பதே என் அனுபவம்.

தாமரையைப் போல விரிந்த பத்து இதழ்கள் கொண்ட அந்தக் கட்டடத்தை வடிவமைத்தவர் மோஷே சாஃப்டி. திறக்கப்பட்ட ஆண்டு 2011. ஃபியூச்சர் வேர்ல்டு 2016 மார்ச்சில் தொடங்கியது. தோஷியுகி இனோகோ 2001-இல் தோக்கியோவில் தொடங்கிய டீம்லேப் என்ற குழுதான் அதைப் படைத்தது. கலைஞர்களோடு நிரலாளர்கள், கணிதவியலாளர்கள், பொறியாளர்கள், கட்டடக் கலைஞர்கள் எல்லாரும் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். படைப்புகள் அவ்வப்போது மாறும் என்பதால், நான் பார்த்தவையே உங்களுக்கும் இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

முதல் முறை போனபோது அக்கா மகள் தொடக்கநிலை நான்கில் படித்தாள். சுவரிலும் தரையிலும் பூக்கள் முளைத்து, மலர்ந்து, உதிரும் இருண்ட அறை ஒன்று இருந்தது. உள்ளே நுழைந்ததும் அவள் சுவரில் கையை வைத்தாள், இதழ்கள் சிதறின. அவ்வளவுதான், அடுத்த ஐந்து நிமிடம் அறை முழுவதும் ஓடி ஓடிப் பூக்களை அழித்துக்கொண்டிருந்தாள். அப்போது மூலையில் களைப்பாறிக்கொண்டிருந்த ஒரு பாட்டியின் காலடியில் மட்டும் பூக்கள் அடர்ந்து வளர்வதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். “மாமா, அசையாம நின்னாத்தான் பூக்குது” என்றாள். அதோடு விடவில்லை. எத்தனை எண்ணும்வரை நின்றால் முதல் பூ வருகிறது என்று எண்ணினாள். தன் பையைத் தரையில் வைத்துவிட்டு விலகி நின்று, பையைச் சுற்றியும் பூக்குமா என்று பார்த்தாள். பிறகு என்னைப் பிடித்து நிறுத்தி, இரண்டு பேர் சேர்ந்து நின்றால் விரைவாகப் பூக்கிறதா என்று பார்த்தாள். ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று பதினைந்து வயது மாணவர்களுக்கு நான் கரும்பலகையில் எழுதிப் போடுவதை, அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அந்தப் படைப்பு அதற்கு இடம் கொடுத்தது ஏன் என்பதுதான் முக்கியம். அங்கே ஓடுவது முன்கூட்டியே பதிவு செய்த படமாக இருந்திருந்தால், அவள் என்ன செய்தாலும் பூக்கள் தம்போக்கில் பூத்திருக்கும். டீம்லேப்பின் பூக்களைக் கணினி நிரல் ஒன்று அந்தந்த நொடியில் கணக்கிட்டு வரைகிறது. உணரிகள் ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்று சொல்ல, அதற்கேற்ப அடுத்த காட்சி பிறக்கிறது. ஒரு மணி நேரத்தில் ஓர் ஆண்டின் பருவங்கள் கடந்துபோகும், ஆனால் ஒரு முறை கண்ட காட்சி மறுமுறை அப்படியே வராது. இப்படி விதி ஒன்று ஒளிந்திருக்கும் இடத்தில்தான் பிள்ளை அந்த விதியைத் தேட முடியும். புகழ்பெற்ற ஓவியர்களின் படங்களைப் பெரிதாக்கி நான்கு சுவர்களிலும் ஓடவிடும் கண்காட்சிகளை இதனோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அவை கண்ணுக்கு இனியவை என்பதை மறுக்க மாட்டேன், ஆனால் கேள்வி கேட்டால் அவை பதில் சொல்லாது. அதே குழுவின் அருவிப் படைப்பில், நீரை எண்ணற்ற துகள்களின் கூட்டமாகக் கொண்டு, துகள்கள் ஒன்றையொன்று எப்படித் தள்ளுகின்றன என்று கணக்கிட்டு, அவற்றில் ஒரு சிறு பகுதியின் பாதைகளை மட்டும் கோடுகளாக வரைகிறார்கள். பாய்ம இயக்கவியலை, அதாவது நீரும் காற்றும் எப்படிப் பாய்கின்றன என்ற அறிவியலை, நேரடியாகவே கலையாக்கியிருக்கிறார்கள் என்று அதைச் சொல்லலாம்.

நேரடியாகப் பாடம் சொல்ல முயலும் இடங்களில் கொஞ்சம் கவனம் வேண்டும். பழத்தோட்டம் ஒன்றின் படம் விழும் சறுக்குப் பலகையில் பிள்ளைகள் சறுக்கும்போது அவர்களே சூரிய ஒளியாகிறார்கள். நீர் பட்டால் விதை முளைக்கிறது, தேனீ பட்டால் பூ காய்க்கிறது. அவள் ஏழெட்டு முறை சறுக்கி மகிழ்ந்தாள். ஆனால் வீடு திரும்பும்போது, “தேனீ முட்டினாலே பழம் வந்துடுமா?” என்று கேட்டாள். மகரந்தம் என்ற சொல்லே அவள் மனத்தில் ஏறவில்லை. மகரந்தச் சேர்க்கை இங்கே தொடக்கநிலை ஐந்தில்தான் வரும், ஆகவே தவறு அவளுடையதன்று. அந்தக் கேள்விக்கு எம்ஆர்டி ரயிலில் அரை மணி நேரம் பதில் சொன்னது தனிக்கதை.

கண்காட்சி சொல்ல நினைக்காத அறிவியலும் அங்கே கொட்டிக் கிடக்கிறது. சுவரில் படத்தை விழச் செய்யும் ஒளிவீழ்த்திக்குக் குறுக்கே கை போனால் பூவின் நடுவே நிழல் விழும். சுவரை நெருங்க நெருங்க நிழல் சிறுத்துத் தெளிவாகும், விலகினால் பெருத்து மங்கும். ஒளியும் நிழலும் அந்த ஆண்டு அவளுக்குப் பாடமாக இருந்தது, ஆகவே இதை அவளாகவே பிடித்துக்கொண்டாள். ‘கிரிஸ்டல் யூனிவர்ஸ்’ என்ற அறையில் 1,70,000-க்கும் மேற்பட்ட எல்இடி விளக்குகள் சரம் சரமாகத் தொங்குகின்றன. பார்வையாளர்கள் தங்கள் கைப்பேசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், அதற்கேற்பப் பிரபஞ்சக் காட்சி மாறும். அங்கே நாங்கள் செய்தது வேறு. வெண்மையாக எரியும் ஒரு விளக்கைக் கைப்பேசிக் கேமராவில் நெருக்கி, பளிச்சென்று எரியாதபடி ஒளியளவைக் குறைத்துப் பார்த்தோம். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பொட்டுகள் தெரிந்தன, அவை கலந்துதான் கண்ணுக்கு வெண்மையாகத் தெரிகிறது. அறையில் இருந்த எல்லாரும் தங்களைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, ஒரு பொட்டு விளக்கைப் படம் எடுத்தவர்கள் நாங்கள் இருவர்தான்.

கலையையும் அறிவியலையும் இப்படிக் கலப்பது டீம்லேப் கண்டுபிடித்ததன்று. அணுகுண்டுத் திட்டத்தில் வேலை செய்து, பின்னர் அரசியல் காரணங்களால் பல்கலைக்கழகப் பணியை இழந்து, கொலராடோவில் கால்நடை வளர்த்து, உயர்நிலைப்பள்ளி ஆசிரியராகவும் இருந்த இயற்பியலாளர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் (அணுகுண்டை உருவாக்கிய ஆய்வகத்தை நடத்திய ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி) 1969-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரட்டோரியம் என்ற அறிவியல் அரும்பொருளகத்தைத் தொடங்கினார். 1968-இல் லண்டனில் நடந்த கணினிக் கலைக் கண்காட்சியின் படைப்புகளை அங்கே முதலில் வைத்தார். கலைஞர்களை அழைத்து அங்கேயே பணியாற்றவும் வைத்தார். தொட்டு, மாற்றி, மறுபடி பார்க்க முடியாத பொருளுக்கு அங்கே மதிப்பில்லை. நான் எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் அந்த அளவுகோலைத்தான் எடுத்துச் செல்கிறேன்.

உங்கள் மகனை அழைத்துப் போவதென்றால், வார நாளில், கூட்டம் குறைந்த நேரத்தில் போங்கள். பத்துப் பேர் ஒரே சுவரைத் தட்டிக்கொண்டிருந்தால், எது யாரால் நடந்தது என்று எந்தப் பிள்ளைக்கும் புரியாது. எல்லா அறைகளையும் பார்த்துவிட வேண்டும் என்று இழுக்காமல், அவன் நின்ற இடத்தில் நிற்க விடுங்கள். “இது எப்படிச் செய்கிறார்கள்?” என்று நீங்கள் கேட்க வேண்டாம், கையை எடுத்தால் என்ன ஆகும், இரண்டு கைகளை வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டால் போதும். மழை பெய்தால் வெளியே வருவதற்கு முன் கட்டடத்தின் நடுப்பகுதிக்குப் போங்கள்: கூரை ஏந்தும் மழைநீர் நடுவிலுள்ள துளை வழியாகக் கீழே உள்ள குளத்தில் 35 மீட்டர் உயரத்திலிருந்து விழும். அக்கா மகள் அங்கேயும் எண்ணத் தொடங்கினாள். கூரையிலிருந்து குளம்வரை மூன்று எண்ணுவதற்குள் வந்துவிடுகிறது என்றாள். அன்றிரவு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், காற்றின் தடையை விட்டுவிட்டால் 2.7 நொடி.