மறு: சின்னப் படகா, பெருங்கடல் பந்தயமா?

மகள் ஒலிம்பிக்கில் ஓட்டும் சின்னப் பாய்மரப் படகை விட்டுப் பெருங்கடல் பந்தயத்துக்குப் போனால் பதக்கக் கனவு போய்விடுமா என்று கேட்டிருந்தீர்கள். அப்படி இல்லைங்க.

பிரேசிலின் டோர்பென் கிரேல் 1984 முதல் 2004 வரை ஐந்து ஒலிம்பிக் பதக்கம் வாங்கினார், இரண்டு தங்கம். அப்புறம் 2008-09இல் வோல்வோ என்ற, உலகைச் சுற்றும் பாய்மரப் படகுப் பந்தயத்தில் எரிக்சன் 4 படகின் தலைவராக ஜெயித்தார். அவர் ஒலிம்பிக்கில் ஓட்டிய ஸ்டார் வகைப் படகில் இருவர்தான், இங்கே பதினோரு பேர், வாரக்கணக்கில் நடுக்கடல், முறை வைத்துத் தூக்கம், வெந்நீர் ஊற்றித் தின்னும் உலர் சாப்பாடு (அதுதான் பெரிய தண்டனை!). ஆனால் காற்றின் போக்கைக் கணிக்கிற கண் சின்னப் படகில்தான் வளரும்.

அவர் மகள் மார்ட்டினே 2016 ரியோவில் தங்கம், 2017-18இல் அதே உலகப் பந்தயம், திரும்பி வந்து டோக்கியோவில் மறுபடி தங்கம். ஒலிம்பிக் தகுதிப் போட்டி ஆண்டில் மட்டும் பெருங்கடலுக்கு அனுப்பாதீர்கள்.