வாசகர் கேள்வி பதில்: விசில் கேட்காத ஓட்டுநரும் சாலைச் சோதனையும்

கேள்வி: என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. முறைப்படி உரிமம் பெற்று, தினமும் பைக்கில் வேலைக்குச் சென்று வருகிறான். வாகனச் சோதனையில் போலீஸார் ஊதும் விசில் கேட்காமல் அவன் போய்விட்டால், தப்பி ஓடுவதாக எண்ணி அடித்துவிடுவார்களோ என்று அம்மா அஞ்சுகிறார். அவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: தங்கள் தாயாரின் அச்சம் நியாயமானதே. ஆயினும் தங்கள் தம்பி யாருடைய சலுகையிலும் வண்டி ஓட்டவில்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஓட்டுநர் தேர்வில் தேறும் ஒருவருக்குக் காது கேளாமையை மட்டும் காரணம் காட்டி உரிமம் மறுக்கக் கூடாது என்று 2011-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2016-இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமும் இதை மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது.

ஆபத்து பெரும்பாலும் முதல் சில நொடிகளில்தான் இருக்கிறது. பின்னாலிருந்து வரும் விசிலும் "ஓரங்கட்டு" என்ற குரலும் அவரை எட்டுவதில்லை. காவலருக்கோ அது கட்டளையை மீறியதாகத் தோன்றுகிறது. அமெரிக்காவின் ஷார்லட் நகரில் 2016-இல், துரத்திவந்த காவல் வாகனத்துக்கு நிற்காமல் சென்ற காது கேளாத ஓட்டுநர் ஒருவர், இறுதியில் வண்டியை விட்டு இறங்கியபோது சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகவே இருபுறக் கண்ணாடிகளும் சரியாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். தடுப்புகள் கண்ணில் பட்டவுடனேயே வேகத்தைக் குறைத்து, காவலரின் கையைக் கவனித்தபடி நெருங்க வேண்டும். எண் பலகையை மறைக்காமல், வண்டியின் பின்புறத்தில் காது கேளாதோர் சின்னத்தை ஒட்டிவைப்பதும் உதவும்.

நின்றதும் இன்ஜினை அணைத்துவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றி, காதைத் தொட்டுக் கையசைத்துக் காட்டட்டும். காவலர் அதைப் புரிந்துகொண்டு தலையசைத்த பிறகே பையினுள் கையை விட வேண்டும். அவசரமாகப் பையைத் துழாவும் கை எவருக்கும் சந்தேகத்தைத் தரும்.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் காது கேளாத ஓட்டுநர்கள், காரின் முன்கண்ணாடிக்கு மேலுள்ள வெயில் மறைப்பில் ஒரு பட அட்டையைச் செருகி வைத்திருக்கிறார்கள். "எனக்குக் காது கேட்காது" என்ற வரியும், உரிமம், காப்பீடு, வேகம், சிக்னல் ஆகியவற்றுக்கான படங்களும் அதில் இருக்கும். காவலர் விரலால் தொட்டுக் காட்டினாலே கேள்வி புரிந்துவிடும். பைக்கில் அப்படியோர் இடம் இல்லாததால், தங்கள் தம்பி அதைக் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை உறையில் வைத்துக்கொள்ளலாம். எழுத்து தமிழில், ஒரு கை தூரத்திலிருந்து படிக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். எழுதிக் காட்டினால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். சைகை மொழியையே முதல் மொழியாகக் கொண்டு வளர்ந்த பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழியே என்பதால், பதற்றமான நேரத்தில் நீண்ட வாக்கியத்தைவிடப் படமே விரைவாக மனத்தில் ஏறும்.

டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் செயலியில் உள்ள உரிமமும் பதிவுச் சான்றும் சட்டப்படி செல்லும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் உடன் இருக்கட்டும்.

கேள்வி: நான் போக்குவரத்துக் காவலராகப் பணிபுரிகிறேன். காது கேளாதவர்கள் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள் என்கிறார்கள். மெதுவாகப் பேசினால் போதுமா? சிலர் பேசும்போது குடித்தவரைப் போலக் குழறுகிறதே, அதை எப்படி அறிவது?
- ஒரு காவலர், மதுரை

பதில்: இதைக் கேட்க வேண்டும் என்று தங்களுக்குத் தோன்றியதே எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது. உதட்டைப் படிப்பது பாதி ஊகம்தான். பகரமும் மகரமும் உதட்டில் ஒன்றுபோலவே தெரிவதால் "படம்" என்றீர்களா, "மடம்" என்றீர்களா என்பதைச் சூழலை வைத்தே அவர் அறிய வேண்டியிருக்கிறது. முகக்கவசமோ அடர்ந்த மீசையோ இருந்தால் அந்த ஊகமும் தவறிவிடும். இரவில் டார்ச்சை அவர் முகத்தில் அடித்தால் கண் கூசி எதுவும் தெரியாது. அதைத் தங்கள் முகத்தின் மீதோ கையின் மீதோ படும்படி பிடியுங்கள்.

தம் குரலையே கேட்டறியாதவரின் பேச்சு தெளிவில்லாமல் ஒலிப்பது இயல்பு. எனவே குரலை வைத்து முடிவு செய்யாமல், ஊதுவது எப்படி என்று செய்து காட்டி, சோதனைக் கருவியின் முடிவையே நம்புங்கள். சட்டம் குறிப்பிடுவதும் 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கிறதா என்பதைத்தான், பேச்சின் தெளிவை அல்ல.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவர் கைகளை வேகமாக அசைப்பது பெரும்பாலும் சண்டைக்கான அறிகுறி அல்ல, அவர் பேசிக்கொண்டிருக்கிறார். அந்தக் கைகளைப் பற்றி முறுக்கினால் வாயைப் பொத்தியதாகவே ஆகும். பொது இடத்தில் ஒரு மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே இழிவுபடுத்தினால், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவின்படி குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 5 ஆண்டு சிறைத் தண்டனை உண்டு.

விளக்கம் தேவைப்பட்டால், அவருடைய வீட்டில் சைகை தெரிந்த ஒருவரை அவர் கைப்பேசியிலேயே வீடியோ அழைப்பில் பேச வைக்கலாம். அப்போதும் திரையை அவர் பக்கம் திருப்பி, அவரையே பதில் சொல்ல விடுங்கள். அபராதம் விதிப்பதானால் குற்றத்தையும் தொகையையும் அபராத ரசீதுக் கருவியின் திரையில் காட்டி, அவர் புரிந்துகொண்டதாகத் தலையசைத்த பிறகு பதிவு செய்யுங்கள்.