வெறும் வானத்தில் என்ன இருக்கிறது? வாசகர் கேள்விகள்

கேள்வி: காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக்கின் 'கடலோரத் துறவி' ஓவியத்தை இணையத்தில் பார்த்தேன். மணல், கறுத்த கடல், வானம், ஒரே ஒரு ஆள். இதை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?
— வாசகி, கும்பகோணம்

பதில்: ஜெர்மானிய ஓவியரான ஃப்ரீட்ரிக் எதையெல்லாம் எடுத்துவிட்டார் என்று முதலில் பாருங்கள். அக்கால நிலக்காட்சிகளில் ஓரமாக ஒரு மரமோ பாறையோ வாசற்கால் போல நிற்கும். கண் அதைப் பற்றிக்கொண்டு உள்ளே போகும். இங்கே அது கிடையாது. கடலில் பாய்மரக் கப்பல்களை வரையத் தொடங்கி, பிறகு வண்ணம் பூசி மறைத்திருக்கிறார். அகச்சிவப்புக் கதிர் ஆய்வில் அவை தெரிந்தன. கப்பல் இருந்தால் தூரம் பிடிபடும், கதையும் வந்துவிடும். 1810இல் பெர்லினில் இதைக் கண்ட எழுத்தாளர் க்ளைஸ்ட், பார்ப்பவரின் கண்ணிமைகளை வெட்டியெடுத்துவிட்டது போல இருக்கிறது என்று எழுதினார்.

துறவியைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள். கடலும் வானமும் வெறும் பட்டைகளாகிவிடும். படத்தில் நெட்டாக நிற்பது அவர் ஒருவர்தான். அவரை வைத்துத்தான் மற்றதன் பிரம்மாண்டம் நமக்கு உறைக்கிறது. 'தனிமை, அதனால் சோகம்' என்று மட்டும் முடிவுகட்டாதீர்கள். அடிவானத்தில் அப்பியிருக்கும் இருட்டு மேலே போகப் போக வெளுத்து நீலமாகிறது. என்னைக் கேட்டால், படத்தின் அர்த்தம் அந்த வெளுப்பில்தான் இருக்கிறது.

செல்போன் திரையில் இதெல்லாம் போய்விடும். அசல் 110 செ.மீ. உயரம், 171.5 செ.மீ. அகலம். சின்னத் திரையில் கடற்பறவைகள் தூசியாகிவிடும். 2013–2016இல் மஞ்சளித்த பழைய வார்னிஷை நீக்கிச் சீரமைத்தார்கள். அதற்கு முந்தைய படங்களில் வானம் அழுக்காகத் தெரியும். ஓவியம் இருக்கும் பெர்லின் ஆல்டே நேஷனல்கேலரி அருங்காட்சியகத்தின் புதிய படத்தைத் தேடிப் பாருங்கள்.

கேள்வி: எண்ணெய் வண்ணத்தில் நான் வரையும் வானம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கிறதே?
— வாசகர், மதுரை

பதில்: ஒரே கலவையைக் கெட்டியாகப் பூசுகிறீர்கள் போலிருக்கிறது. அடிவானத்துக்கு ஒன்று, நடுவுக்கு ஒன்று, உச்சிக்கு ஒன்று என மூன்று கலவைகளை முன்பே தயாராக வையுங்கள். ஈரம் காயுமுன் எல்லைகளை உலர்ந்த, அகலமான தூரிகையால் லேசாக இழுத்துக் கலக்குங்கள். முதல் பூச்சு டர்பன்டைன் சேர்த்து மெல்லியதாக இருக்கட்டும். அது காய்ந்தபின், ஆளி விதை எண்ணெய் சற்றுக் கூடுதலாகச் சேர்த்து, அடிப்பூச்சு தெரியும்படி அடுத்ததைப் பூசுங்கள். வரிசை மாறினால் மேற்பூச்சு முதலில் இறுகிவிடும். அடியில் இருப்பது பின்னர் காய்ந்து அசையும்போது மேலே வெடிப்பு விழும்.