காது இரைச்சலும் தலைசுற்றலும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: வயது 46. ஆறு மாதமாக இடது காதில் 'ஓ'வென்று இரைச்சல். சில நாள் காது அடைத்துக்கொள்கிறது. பின்னாலேயே வீடே சுற்றுகிறது, வாந்தியும் வருகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உண்டு. ஒலியை உணரும் நத்தைச்சுருளும், சமநிலையைக் காக்கும் அரைவட்டக் குழாய்களும் உள்காதில் ஒட்டியே இருக்கின்றன. இரண்டுக்குள்ளும் இருப்பது ஒரே திரவம். இரண்டின் சேதியையும் மூளைக்குக் கொண்டுபோவது எட்டாவது நரம்பு. அந்தத் திரவம் தேங்கி வீங்கினால் இரைச்சல், அடைப்பு, சுற்றல் மூன்றும் சேர்ந்து வரும். இது மெனியர் நோயாக இருக்கலாம். இப்படிப்பட்ட சுற்றல் மூளையிலிருந்து அல்ல, காதிலிருந்து வருவது என்று 1861-ல் சொன்ன பிரெஞ்சு மருத்துவர் பிராஸ்பர் மெனியரின் பெயர் அது.

சுற்றல் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கடிகாரம் பார்த்துக் குறித்து வையுங்கள். மெனியரில் 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை நீடிக்கும். கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் சோதனையில், ஆரம்பத்தில் 250, 500 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த சுருதி ஒலிகளைக் கேட்பதுதான் குறையும். கேட்கும் திறன் ஏறி இறங்கும் என்பதால், காது அடைத்திருக்கும் நாளில் இந்தச் சோதனையை எடுப்பது நல்லது. ஒரு காதில் மட்டும் இரைச்சலும் கேள்விக்குறைவும் இருந்தால், எட்டாவது நரம்பில் கட்டி இல்லை என்று உறுதிசெய்ய எம்.ஆர்.ஐ. தேவை. அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒரு டீஸ்பூன் உப்புக்கு (5 கிராம்) மேல் போகாமல் பாருங்கள். மெனியருக்கு பீட்டாஹிஸ்டின் மாத்திரை பலருக்கும் எழுதப்படுகிறது. ஆனால் 2016-ல் வெளியான ஜெர்மன் ஆய்வில், ஒன்பது மாதம் கொடுத்தும் வெற்று மாத்திரையைவிட அது கூடுதலாக உதவவில்லை. வாந்தியோடு சுற்றும்போது தரும் புரோகுளோர்பெரசினை ஓரிரு நாளில் நிறுத்திவிட வேண்டும். மாதக்கணக்கில் விழுங்கினால் மூளை தானாகச் சமநிலையைச் சரிசெய்துகொள்வது தாமதப்படும், கைநடுக்கமும் வரலாம்.

திடீரென ஒரு காது கேட்காமல் போனால் அன்றே காது மருத்துவரிடம் போங்கள். ஸ்டீராய்டு சிகிச்சை தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறையும். சுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, எல்லாம் இரண்டாகத் தெரிந்தாலோ 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: எனக்கு இரைச்சல் பல வருடமாக உண்டு. இப்போது வலப்பக்கம் புரண்டு படுத்தால் அரை நிமிடம் சுற்றுகிறது. இதுவும் மெனியரா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இல்லை. உள்காதின் சுண்ணாம்புத் துகள்கள் அரைவட்டக் குழாய்க்குள் நழுவியிருக்கலாம். பழைய இரைச்சலுக்கும் இதற்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. மாத்திரை அந்தத் துகளை நகர்த்தாது. தலையைப் படிப்படியாகத் திருப்பும் எப்ளி பயிற்சி நகர்த்தும். எந்தக் காது என்று மருத்துவர் படுக்க வைத்துப் பார்த்துச் சொன்ன பிறகே செய்யுங்கள்.

வலது காதுக்கு: கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்புங்கள். தோளுக்கடியில் தலையணை வரும்படி, தலை சற்றே பின்னுக்குச் சாய மல்லாந்து படுங்கள். சுற்றல் நின்ற பிறகும் 30 விநாடி பொறுங்கள். தலையைத் தூக்காமல் இடப்பக்கம் 90 டிகிரி திருப்பி மறுபடி 30 விநாடி. பிறகு உடம்போடு இடப்பக்கம் ஒருக்களித்து, முகம் தரையைப் பார்க்க 30 விநாடி. கடைசியில் மெதுவாக எழுந்து உட்காருங்கள்.

நடுவில் தலையைத் தூக்கினால் துகள் வந்த வழியே திரும்பிவிடும். அவசரப்பட்டு அடுத்த நிலைக்குப் போனால் பாதிவழியில் நிற்கும். பலருக்கும் பலிக்காமல் போவது இந்த இரண்டால்தான். கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் வீட்டில் தனியாகச் செய்யக் கூடாது.