ஸ்டர்ட் போன ஆற்றுவழியில் ஒன்பது நாள்

கேள்வி: பழைய காலத்துப் பயணி ஒருவர் ஆற்றில் போன வழியை இன்று காரில் தொடர்ந்து போக முடியுமா? போனவர்கள் இருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

போகலாம். நானும் என் அப்பாவும் ஆஸ்திரேலியாவில் அப்படி ஒரு பயணம் போய்வந்தோம். சார்லஸ் ஸ்டர்ட் என்பவர் 1830-ல் படகில் போன மரம்பிட்ஜி, மர்ரே ஆறுகளின் கரையோடு, அவர் கடலைப் பார்த்த இடம் வரை போனோம். அங்கிருந்து அதே வழியில் திரும்பினோம். மொத்தம் ஒன்பது நாள். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். கடற்கரையைத் தொட்டதும் பயணம் முடிந்தது என்று வேறு சாலையில் வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். போனதைவிடத் திரும்பி வந்ததுதான் ஸ்டர்ட்டின் கதையில் பெரிது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. அன்றைக்கு சிட்னியில் இருந்தவர்களுக்கு ஒரு புதிர் இருந்தது. மலைக்கு மேற்கே பிறக்கிற ஆறுகள் எல்லாம் உள்நாட்டை நோக்கி ஓடுகின்றனவே, அவை எங்கே போய் முடிகின்றன? நடுவில் ஒரு உள்நாட்டுக் கடல் இருக்கும் என்று பலர் நம்பினார்கள். அதைக் கண்டுபிடிக்கத்தான் ஸ்டர்ட் 1829 நவம்பரில் கிளம்பினார். அவர் பிறந்தது நம் நாட்டில், அன்றைய வங்காள மாகாணத்தில், 1795-ல். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனியில் நீதிபதி. இவர் 39-ஆம் ரெஜிமெண்ட் ராணுவ அதிகாரி. திமிங்கல வேட்டைக்குப் பயன்படும் வகைப் படகு ஒன்றைத் துண்டு துண்டாக மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மரம்பிட்ஜி கரையோடு போய்க்கொண்டே இருந்தவர்களை ஓரிடத்தில் நாணல் சதுப்பு மறித்துவிட்டது. வண்டி நகரவில்லை. அங்கேயே படகைப் பூட்டினார்கள். ஒரு மரத்தை வெட்டி இன்னொரு சின்னப் படகும் ஏழே நாளில் செய்தார்கள். 1830 ஜனவரி 7 அன்று எட்டு பேர் தண்ணீரில் இறங்கினார்கள். ஸ்டர்ட், இருபது வயது ஜார்ஜ் மக்லே, மூன்று சிப்பாய்கள், மூன்று கைதிகள்.

இனி எங்கள் கதை. அப்பாவுக்கு 68 வயது. பவானிக்காரர். பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்தவர். காளிங்கராயன் வாய்க்கால் மதகைத் திறப்பதும் மூடுவதும், கரையில் நடந்து உடைப்புப் பார்ப்பதுமாக வேலைக்காலம் முழுவதும் ஓடியது. மெல்போர்னில் என் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகியும் மனிதருக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. கடற்கரை, மால், கோயில் எல்லாம் கூட்டிப்போனேன். ஒருநாள் இரவு ஸ்டர்ட் கதையைச் சொன்னேன். "ஆத்தோட போயி ஆத்தோட திரும்புனாங்களா? அதப் பாக்கலாம் கண்ணு" என்றார். மார்ச் கடைசியில் கிளம்பினோம்.

மெல்போர்னிலிருந்து வடகிழக்கே வாகா வாகா. அங்கிருந்து மேற்கே போகிற நெடுஞ்சாலைக்கே ஸ்டர்ட் பெயர்தான். நாராண்டெரா, ஹே, பால்ரனால்ட், மில்டுரா, ரென்மார்க் என்று அடிலெய்டு பக்கம் வரை போகிறது. ஆனால் பெயரை நம்பி அந்தச் சாலையிலேயே நூறில் போய்க்கொண்டிருந்தால் ஆற்றைப் பார்க்கவே மாட்டீர்கள். சாலை நேராகப் போகும், ஆறு வளைந்து வளைந்து எங்கோ போகும். ஹே சமவெளியில் கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு மேடு கிடையாது, மரம் கிடையாது. தூரத்தில் ஒரு பச்சைக் கோடு தெரிந்தால் அதுதான் ஆறு. எங்கே கிளைச்சாலை கண்டாலும் அந்தக் கோட்டை நோக்கித் திருப்புங்கள். ஒவ்வொரு தடவையும் முக்கால் மணி நேரம் போகும். போகட்டும். அதற்குத்தானே வந்திருக்கிறீர்கள்.

கரையில் நிற்பவை ரிவர் ரெட் கம் மரங்கள். நம் ஊரில் தைல மரம் என்கிறோமே, அதே இனம். காகிதக் கூழுக்காக நம் பக்கம் வரிசையாக நட்டு ஏழெட்டு வருஷத்தில் வெட்டிவிடுகிற வகைகளில் இதுவும் ஒன்று. இங்கே ஒரு மரத்தை இரண்டு பேர் கைகோத்தாலும் சுற்றிப்பிடிக்க முடியவில்லை. அப்பா பட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு இலையைக் கசக்கி மோந்தார். "நம்மூருல இத நாம வளரவே விட்டதில்ல" என்றார்.

ஹே ஊரைத் தாண்டி நெடுஞ்சாலையை விட்டு விலகினால் மோட் என்றொரு சின்ன ஊர். படகு கட்டிய முகாம் அந்த வட்டாரத்தில்தான். இன்று அங்கே ஒரு தடுப்பணை இருக்கிறது. தண்ணீர் பழுப்பு நிறம், அகலம் நம் பெரிய வாய்க்கால் அளவுதான். இதில் எட்டு பேர் என்ன நம்பிக்கையில் இறங்கினார்கள் என்று எனக்கு மலைப்பாக இருந்தது. இரண்டாம் நாளே சின்னப் படகு மூழ்கிக் கிடந்த கட்டையில் மோதி அமிழ்ந்துவிட்டது. உப்புக்கண்டம் இருந்த பீப்பாய்களில் ஆற்றுத் தண்ணீர் புகுந்து இறைச்சி கெட்டது. பயணம் முழுக்க அவர்கள் வயிறு காய்ந்ததற்கு இந்த ஒரு கட்டைதான் தொடக்கம்.

ஒரு வாரம் கழித்து, ஜனவரி 14 அன்று, இந்த ஒடுக்கமான ஆறு அவர்களை ஒரு பெரிய ஆற்றுக்குள் கொண்டுபோய்த் தள்ளியது. அதற்கு மர்ரே என்று பெயர் வைத்தார், லண்டனில் இருந்த குடியேற்ற நாடுகளின் அமைச்சர் பெயர். அந்தச் சங்கமம் பவுண்டரி பெண்ட் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. முந்தின நாள் மழை பெய்து மண் பாதை சேறாகிக் கிடந்ததால் நாங்கள் இறங்கவில்லை.

வென்ட்வொர்த்தில் அந்தக் குறை தீர்ந்தது. டார்லிங் ஆறு மர்ரேயில் கலக்கிற இடம். இங்குள்ள பூர்வகுடிகளான பார்க்கிண்ட்ஜி மக்கள் டார்லிங்கை பாக்கா என்கிறார்கள். பார்வைக் கோபுரத்தில் ஏறி நின்றால் இரண்டு நிறத்துத் தண்ணீர் பக்கம் பக்கமாக ஓடுவது தெரிகிறது. டார்லிங் பால் ஊற்றிய டீ மாதிரி, மர்ரே கொஞ்சம் பச்சை. கூடுதுறையில் பிறந்து வளர்ந்தவருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? அப்பா கீழே இறங்கிப் போய்ச் செருப்பைக் கழற்றி வைத்தார். கையால் தண்ணீரை அள்ளித் தலையில் மூன்று தரம் தெளித்துக்கொண்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை. நானும் தெளித்துக்கொண்டேன்.

ஸ்டர்ட் இந்த இடத்துக்கு வந்தது ஜனவரி 23. அன்று நடந்ததை இங்கே நின்று நினைத்துப் பார்க்க வேண்டும். சங்கமத்துக்குச் சற்று மேலே கரை முழுக்க ஆயுதத்தோடு பூர்வகுடி மக்கள் திரண்டு நின்றார்கள், அறுநூறு பேர் இருக்கும் என்கிறது அவர் கணக்கு. படகு மணல் திட்டை நெருங்கிவிட்டது. ஸ்டர்ட் துப்பாக்கியைக் குறிவைத்துவிட்டார். அந்த நேரத்தில் எதிர்க்கரையிலிருந்து ஒரு மனிதர் ஆற்றில் குதித்து நீந்தி வந்து, முன்வரிசையில் நின்றவரைப் பிடித்துத் தள்ளி, தன் மக்களைத் தடுத்து நிறுத்தினார். சில நாட்களுக்கு முன் இவர்களோடு பழகிய ஆள் அவர். எட்டு உயிரும் பிழைத்தது அவரால்தான். அவர் பெயர் எந்தச் சாலைக்கும் இல்லை.

அது மட்டுமல்ல. இந்த வழி திறந்த பிறகு ஆட்டு மந்தைகளையும் மாட்டு மந்தைகளையும் ஓட்டிக்கொண்டு குடியேறிகள் இதே கரையில் வந்தார்கள். 1841 ஆகஸ்டில், இங்கிருந்து மேற்கே ரூஃபஸ் ஆற்றங்கரையில், மராவுரா மக்கள் குறைந்தது 30 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஸ்டர்ட் வந்து போய்ப் பதினோரு வருஷம்தான் ஆகியிருந்தது. இந்தப் பயணம் போகிறவர்கள் படகின் கதையோடு இதையும் சேர்த்தே படித்துவிட்டுப் போக வேண்டும் என்று நினைக்கிறேன். காலியாகக் கிடந்த ஆற்றை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

மில்டுராவில் ஒருநாள் தங்கினோம். உலர்திராட்சை ஊர். ஆனால் அப்பாவைப் பிடித்து நிறுத்தியது 11-ஆம் எண் லாக். படகுகள் மேலேயும் கீழேயும் போகக் கதவு போட்டுத் தண்ணீரை ஏற்றி இறக்குகிற அமைப்பு. ஒரு வீட்டுப்படகு உள்ளே வந்தது, பின்கதவு மூடியது, தண்ணீர் மெல்ல வடிந்தது, படகும் கூடவே இறங்கியது, முன்கதவு திறந்தது. அப்பா வேலியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்று பார்த்தார். "நம்ம ஊராட்சிக்கோட்டை கதவணைல கரண்டு எடுக்கறாங்க. இவங்க படகுக்கு வழி உட்டிருக்காங்க" என்றார். அடுத்த படகு வரும் வரை காத்திருந்து அதையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

தெற்கு ஆஸ்திரேலிய எல்லையில் யாம்பா என்ற இடத்தில் வண்டியை நிறுத்திச் சோதிப்பார்கள். பழ ஈ பரவாமல் இருக்க, பழம் எதுவும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. மில்டுராவில் வாங்கிய திராட்சையைத் தொட்டியில் போட்டோம். கிளம்பும்போது அப்பா காருக்குள் முன்கண்ணாடி அருகே வைத்த எலுமிச்சம்பழமும் போயிற்று. அப்பா முகம் சுருங்கியது. அந்தப் பக்கம் ஏக்கர் ஏக்கராக ஆரஞ்சும் திராட்சையும் நிற்பதைப் பார்த்ததும், "இதுக்குத்தானா? சரி, வாங்கிக்கட்டும்" என்றார்.

அதன் பிறகு ஆறு வேறு முகம் காட்டுகிறது. மஞ்சள் சுண்ணாம்புக்கல் செங்குத்தாக எழுந்து நிற்கிறது. பாறை முழுக்க சிப்பி. ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்த இடம். ஸ்டர்ட்டும் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். மார்கன் ஊரில் ஆறு சட்டென்று தெற்கே திரும்பிவிடுகிறது. ஊருக்கு ஊர் வெள்ளக்குறி போட்டிருக்கிறார்கள். எல்லாக் குறிகளுக்கும் மேலே 1956. ஆற்றைக் கடக்கக் கம்பியில் ஓடுகிற பெர்ரி உண்டு, காரோடு ஏறலாம், காசு கிடையாது. ஸ்வான் ரீச்சில் ஏறினோம். இந்தக் கீழ்ப்பகுதி ஆற்றுக்கு நங்கரிண்ட்ஜெரி மக்களிடம் ஒரு கதை இருக்கிறது. நுருண்டேரி என்ற முன்னோர் பொண்டே என்ற ராட்சத மீனைத் துரத்திக்கொண்டு வந்தபோது, அது வாலைச் சுழற்றி அடித்துப் போன வழிதான் இந்த வளைவுகள். மேலேயிருந்து பார்க்கும்போது அது மீன் போன தடம் போலவே இருக்கிறது.

பிப்ரவரி 9 அன்று ஸ்டர்ட் அலெக்ஸாண்ட்ரினா ஏரியை அடைந்தார். அந்தப் பக்கம் கடல். ஆனால் ஆற்றின் வாயில் மணல் திட்டு மறித்தது. எந்தக் கப்பலும் கண்ணில் படவில்லை. உணவு குறைந்துகொண்டே வந்தது. வந்த வழியே திரும்புவதைத் தவிர வேறு வழி இல்லை.

குல்வாவில் இன்று 1940-ல் முடித்த கதவணைகள் நிற்கின்றன. கடல் உப்பு ஏரிக்குள் ஏறாமல் தடுப்பவை. ஒரு பக்கம் நல்ல தண்ணீர், மறுபக்கம் உப்புத் தண்ணீர், நடுவில் கூழைக்கடா கூட்டம். ஹைண்ட்மார்ஷ் தீவின் முனையில் நின்றால் ஆற்றின் வாய் தெரிகிறது. 2,500 கிலோமீட்டர் ஓடிவருகிற ஆற்றுக்கு இவ்வளவு சின்ன வாயா என்று தோன்றும். 1981-ல் மணல் மூடி முழுசாக அடைத்தே போயிருக்கிறது. 2002-லிருந்து பல ஆண்டுகள் மணலை அள்ளித்தான் திறந்து வைத்தார்கள். மேலே பாசனத்துக்கு எடுத்தது போக மிச்சம்தானே கீழே வரும்? அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "பூம்புகார்ல நம்ம காவேரியும் இப்படித்தான் கண்ணு" என்றார்.

அங்கிருந்து மெல்போர்னுக்கு நேர் சாலை பிடித்தால் ஒரே நாளில் வீடு. நான் அதற்குத்தான் தயாராக இருந்தேன். அப்பா கேட்டார்: "அவங்க வந்த வழியாத்தான திரும்புனாங்க?"

திரும்பினோம். ஸ்டர்ட் குழுவுக்கு இது ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலான ஆற்றுவழி, இப்போது முழுக்க எதிர்நீச்சல். விடிந்ததிலிருந்து இருட்டும் வரை துடுப்பு. கைக்குக் கிடைத்தது கொஞ்சம் மாவு. துடுப்புப் போடும்போதே தூங்கி விழுந்திருக்கிறார்கள். "நாளைக்குக் கேப்டனிடம் முடியாது என்று சொல்லிவிட வேண்டியதுதான்" என்று இரவில் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது ஸ்டர்ட்டின் காதில் விழும். விடிந்ததும் ஒருவரும் சொல்லாமல் துடுப்பை எடுப்பார்கள். மக்னமி என்பவருக்குக் கடைசியில் புத்தி பேதலித்தது. போகும்போது இரண்டு மணி நேரத்தில் கடந்த சமவெளியைத் திரும்பும்போது நானும் மெதுவாக ஓட்டினேன். ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒவ்வொரு பாலத்திலும் இறங்கிப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் அது எங்களுக்கு எதிராகவே வந்துகொண்டிருந்தது.

சில நடைமுறை விஷயம். ஜனவரி, பிப்ரவரியில் போகாதீர்கள், வெயில் கொளுத்தும். ஹேக்கும் பால்ரனால்டுக்கும் நடுவில் பெட்ரோலை நம்ப வேண்டாம், நிரப்பிக்கொண்டே கிளம்புங்கள். சூரியன் இறங்கிய பிறகு ஓட்டாதீர்கள், கங்காரு குறுக்கே பாயும்.

எட்டாம் நாள் மறுபடி மோட் ஊர். மார்ச் மாதத்தில் ஸ்டர்ட் குழு இந்த முகாமுக்கு வந்து சேர்ந்தபோது, படகில் ஏறாத மற்ற ஆட்கள் காத்திருப்பார்கள், சாப்பாடு இருக்கும் என்ற நினைப்பிலேயே வந்தார்கள். முகாம் காலி. ஆளும் இல்லை, தானியமும் இல்லை. பெருகி ஓடிய ஆற்றில் மேலும் நாள்கணக்காகத் துடுப்புப் போட்டு, இனி முடியாது என்ற நிலையில், நாராண்டெரா பக்கம் கரை ஒதுங்கி, இரண்டு பேரை உதவி கேட்டு நடந்து போகச் சொன்னார் ஸ்டர்ட். சிட்னி போய்ச் சேர்ந்தது மே 25.

தடுப்பணைப் பக்கம் உட்கார்ந்து இதைச் சொல்லி முடித்தேன். அப்பா பிளாஸ்கில் இருந்த டீயை இரண்டு டம்ளரில் ஊற்றினார். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவர், "யாருமே இல்லியா?" என்று கேட்டார். "யாருமே இல்லைப்பா" என்றேன்.

இருட்டுவதற்குள் நாராண்டெரா போய்விட்டோம். பிரதான வீதியில் ஒரு கடை திறந்திருந்தது. அப்பா எனக்கு முன்னால் இறங்கிப் போய் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தார்.