உப்புக்கல்லும் பவளப்பூச்சியும்

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாம் குலைவை நோக்கித்தான் போகும் என்று வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் உயிர்கள் தாமாக ஒழுங்கமைவது எப்படி? எங்கள் வாலிநோக்கம் உப்பளத்தில் உப்பும் தானாகத்தான் சதுரம் சதுரமாக விளைகிறது. உயிரும் அப்படித்தானா? நல்ல அதிர்வுகள் என்ட்ரோபியை, அதாவது குலைவின் அளவை, குறைக்கும் என்று ஒருவர் பேசிய காணொளியும் அனுப்பியிருக்கிறேன்.

வாசகத் தம்பி


அன்புள்ள தம்பி,

உயிர் எந்த விதியையும் மீறவில்லை. வெளியோடு கொடுக்கல் வாங்கல் இல்லாத அமைப்புக்குச் சொன்ன விதி அது. நாம் சோறு தின்கிறோம், சூட்டை வெளியே விடுகிறோம். உள்ளே சேரும் ஒழுங்கைவிட வெளியே தள்ளும் குலைவு அதிகம். இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் 1944-லேயே ‘உயிர் என்றால் என்ன?’ என்ற நூலில் இதை எழுதிவிட்டார், தேடிப் படியுங்கள்.

உப்பைச் சொன்னீர்களே, அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். அளத்துப் பக்கத்தில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? பாத்தித் தண்ணீரின் அடர்த்தி போமே அளவில் (சூடு அல்ல) 25 டிகிரி தாண்டியதும் உப்பு இறங்கும். கல் விளைந்ததோடு சரி. ஈரம் படாமல் வைத்தால் நூறு வருஷம் கழித்தும் அதே கல்தான். அதற்குத் தீனி வேண்டாம். அது சமநிலைக்கு வந்துவிட்ட ஒழுங்கு. உயிர் சமநிலைக்கு வந்தால் அதற்குப் பெயர் சாவு. சும்மா படுத்துக்கிடக்கும் ஆள்கூட ஏறக்குறைய 80 வாட் வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கிறான்.

எங்கள் பழைய வீட்டுச் சுவர் பவளக்கல்லால் கட்டியது. அந்தக் காலத்தில் கடலிலிருந்து வெட்டி எடுத்தார்கள், இப்போது தடை. பூச்சு உதிர்ந்த இடத்தில் பொடிப்பொடிக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் நடுவைப் பார்த்து நிற்கும் மெல்லிய தகடுகள், விரல் வைத்தால் சுரசுரக்கும். குடியிருந்த பூச்சிகள் போய் எத்தனை காலமோ, கட்டுமானம் கலையவே இல்லை. உயிரோடு இருந்தபோது அவை உடம்புக்குள் பாசிகளை வைத்திருந்தன. வெயிலில் பாசி சமைத்த சர்க்கரையைத் தின்றுதான் இந்தச் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டின. 2016-இல் கடல் சூடேறியபோது மன்னார் வளைகுடாப் பவளங்கள் பாசியைத் துப்பிவிட்டு வெளிறின. வரத்து நின்றதும் பலவும் செத்தன, கூட்டில் ஒரு தகடு குறையாமல். ஒழுங்கை மட்டும் பார்த்து உயிர் என்று சொன்னால், என் வீட்டுச் சுவருக்கும் நீங்கள் சோறு வைக்கவேண்டும் தம்பி.

வரத்தும் போக்குமே வடிவத்தை உண்டாக்கும் என்பது வேறு கதை. தட்டில் மெல்லிசாக எண்ணெய் ஊற்றி அடியில் சூடேற்றினால் ஒரு கட்டத்தில் அறுகோணங்கள் தாமாக எழும். அடுப்பை அணைத்தால் போய்விடும். இந்த மாதிரி அமைப்புகளை ஆராய்ந்ததற்குத்தான் வேதியியலாளர் பிரிகோஜினுக்கு 1977-இல் நோபல் கிடைத்தது. ஆனால் அந்த எண்ணெய்க்குத் தன்னைப்போல் இன்னொன்றை ஆக்கத் தெரியாது. அதற்கு மரபணு வேண்டும், பரிணாமம் வேண்டும். வெப்ப இயக்கவியலிடம் அதையும் கேட்காதீர்கள்.

அப்புறம் அந்தக் காணொளி. பாதியில் மூடிவிட்டேன். என்ட்ரோபியைக் கெல்வினுக்கு இத்தனை ஜூல் என்று அளக்கலாம். நல்ல அதிர்வை எதில் அளப்பாராம்? கேட்டு எழுதுங்கள்.