டெரியில் ஒரு வீட்டுக்கு எத்தனை ஓட்டு?

அன்புள்ள ஐயா,

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டில் முதுகலை படிக்கிறேன். இங்கே கத்தோலிக்கர் தெருவையும் புராட்டஸ்டண்ட் தெருவையும் பிரித்து உயரமான சுவர் நிற்கிறது. இரவானால் அதன் கதவைச் சாத்திவிடுகிறார்கள். இரண்டு தரப்பும் வாசிப்பது ஒரே பைபிளைத்தானே? பூசையா பிரசங்கமா என்ற சண்டை இத்தனை காலமா நீடிக்கும்? மதமே விஷம்தானோ? இதைப் புரிந்துகொள்ள எங்கிருந்து தொடங்கலாம்?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

அவ்வளவு தூரம் படிக்கப் போன இடத்தில், பாடத்தில் இல்லாத ஒரு சுவர் உங்களைத் தொந்தரவு செய்திருக்கிறது. சந்தோஷம். ஆனால் அந்த ‘ஒரே பைபிள்’ வசனத்தை விட்டுவிடுங்கள். அடுத்தவன் சண்டையைத் திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் சொல்வது அது. உண்மையும் இல்லை: கத்தோலிக்கர் பைபிளில் 73 நூல்கள், புராட்டஸ்டண்ட் பைபிளில் 66. மதம் விஷமா என்பதைப் பட்டிமன்றக்காரர்களிடம் கேளுங்கள். எனக்குச் சில நாட்களாகவே வார்டு எல்லைகள்தான் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

1921இல் அயர்லாந்துத் தீவை வடக்கு, தெற்கு என்று பிரித்தபோதே தலைக்கணக்குப் பார்த்துத்தான் பிரித்தார்கள். வடக்கே அல்ஸ்டர் மாகாணத்தில் ஒன்பது மாவட்டங்கள். ஒன்பதையும் வைத்துக்கொண்டால் புராட்டஸ்டண்ட் பெரும்பான்மை மெலிந்துவிடும். டோனகல், கேவன், மோனகன் மூன்றையும் தெற்கே தள்ளினால் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும். தள்ளினார்கள். அப்படியும் ஃபெர்மனா, டிரோன் மாவட்டங்களிலும் டெரி நகரத்திலும் கத்தோலிக்கரே அதிகம். (பிரிட்டன் பக்கம் நிற்பவர்கள் அந்த நகரத்தைச் சொல்வதுபோல் லண்டன்டெரி என்று எழுதவில்லையே என்று ஒருவர் கட்டாயம் கோபித்துக்கொள்வார். கோபிக்கட்டும்.) 1922இல் உள்ளாட்சித் தேர்தலில், வாங்கிய ஓட்டின் அளவுக்கு இடம் தரும் விகிதாசார முறையை நீக்கினார்கள்; அதன்பின் ஒரு வார்டில் பெரும்பான்மை உள்ள தரப்பே அங்குள்ள இடங்களை அள்ளிக்கொள்ளலாம். 1936இல் டெரியை மூன்று வார்டாக வெட்டினார்கள்.

கத்தோலிக்கனுக்கு ஓட்டு இல்லை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இதைப் பலர் தவறாகவே எழுதுகிறார்கள். உள்ளாட்சியில் வீட்டு வரி கட்டும் குடித்தனக்காரருக்கும் அவர் துணைக்கும் ஓட்டு, அவ்வளவுதான். அந்த வீட்டில் உள்வாடகைக்கு இருப்பவருக்கும், கல்யாணமாகியும் பெற்றோரோடு ஒண்டியிருக்கும் மகனுக்கும் இல்லை. கம்பெனி வைத்திருந்தால் சொத்து மதிப்பைப் பொறுத்து ஆறு ஓட்டு வரை கூடுதல். வரி கட்டும் குடித்தனக்காரருக்கே ஓட்டு என்ற முறையை பிரிட்டன் 1945இல் கைவிட்டது, பெல்ஃபாஸ்ட் அரசு விடவில்லை. ஏழைப் புராட்டஸ்டண்டும்தான் ஓட்டை இழந்தான்.

ஆக, கவுன்சில் ஒரு வீடு ஒதுக்கினால் இரண்டு ஓட்டு ஒதுக்கியதாக அர்த்தம். வீட்டை ஒதுக்குவது கவுன்சில். கவுன்சிலைத் தேர்ந்தெடுப்பது அந்த ஓட்டு.

இப்போது பென்சில் எடுங்கள். 1968 கலவரத்தை விசாரித்த கேமரன் ஆணையம் தரும் 1967ஆம் வருடக் கணக்கு இது. தெற்கு வார்டில் கத்தோலிக்க வாக்காளர் 10,047, மற்றவர் 1,138, இடங்கள் 8. வடக்கு வார்டில் 2,530, 3,946, இடங்கள் 8. ஃபாயில் ஆற்றுக்கு அக்கரையில் வாட்டர்சைடு: 1,852, 3,697, இடங்கள் 4. நகரம் முழுக்கக் கூட்டினால் கத்தோலிக்கர் 14,429, மற்றவர் 8,781. கவுன்சிலிலோ யூனியனிஸ்டுகள் (பிரிட்டனோடு சேர்ந்திருக்க விரும்பியவர்கள், பெரும்பாலும் புராட்டஸ்டண்டுகள்) 12, எதிர்த்தரப்பு 8. தெற்கில் ஒரு இடத்துக்குச் சுமார் 1,400 வாக்காளர், வடக்கில் 810. வித்தை அந்த வடக்கு வார்டில்தான் இருக்கிறது.

அங்கே யூனியனிஸ்டுகளின் வித்தியாசம் வெறும் 1,416. வீட்டுக்கு இரண்டு ஓட்டு என்று வையுங்கள்: கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு 709 வீடு கட்டிக்கொடுத்தால் எட்டு இடமும் கைமாறும், நகரமே கைமாறும். அதனால்தான் யூனியனிஸ்டுகளுக்கு அங்கே வீடு கட்ட மனம் வரவில்லை. கட்டினால் தெற்கில்தான்: போருக்குப் பிறகு கிரெகன் குடியிருப்பு, அங்கே நிலம் நெருக்கடியானதும் பாக்சைடில் ராஸ்வில் அடுக்குமாடிகள். மேலே மேலே அடுக்கலாம், இடம் எட்டுக்கு மேல் போகாது. வீடு கட்டாமலே விட்டால் இன்னும் நல்லது. வீடில்லாதவனுக்கு ஓட்டும் இல்லையே.

1968 ஜூனில் கேலிடன் கிராமத்தில், குழந்தைகளோடு குடும்பங்கள் காத்திருக்க, கல்யாணமாகாத பத்தொன்பது வயதுப் புராட்டஸ்டண்ட் பெண்ணுக்குக் கவுன்சில் வீடு போனது. வட அயர்லாந்து நாடாளுமன்ற உறுப்பினர் ஆஸ்டின் கரி அதை எதிர்த்து அந்த வீட்டுக்குள் புகுந்து உட்கார்ந்தார். நற்கருணை போன்ற சமயச் சடங்கைப் பற்றி அங்கே யாரும் வாய் திறக்கவில்லை. அக்டோபர் 5 அன்று சம உரிமை கேட்டு நடந்த டெரி ஊர்வலத்தில் போலீஸ் தடி பேசியது. அடுத்த மாதமே டெரி மாநகராட்சியைக் கலைக்கப்போவதாக அறிவிப்பு. 1971இல் வீட்டு ஒதுக்கீட்டைக் கவுன்சில்களிடமிருந்து பிடுங்கித் தனி வாரியத்திடம் கொடுத்தார்கள். 1973 உள்ளாட்சித் தேர்தலில் விகிதாசார முறை திரும்பியது. அதற்குள் துப்பாக்கிகள் வந்துவிட்டன.

தெற்கே 1937 அரசியல் சட்டம் கத்தோலிக்கத் திருச்சபைக்குத் தனியிடம் தந்ததையும், அங்கே புராட்டஸ்டண்டுகள் தேய்ந்ததையும் கேட்டு இன்னொரு கடிதம் வரும், தெரியும். அது வேறு நாள்.

எங்கிருந்து தொடங்குவது என்றீர்களே. டெரிக்கு ரயில் இருக்கிறது. பழைய கோட்டை மதில்மேல் ஏறுங்கள். மேற்கே உங்கள் காலடியில் பாக்சைடு, அதற்கு மேல் மேட்டில் கிரெகன். கிழக்கே ஆறு, ஆற்றுக்கு அக்கரையில் வாட்டர்சைடு. மேலே சொன்ன எண்களை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.